கதாநாயகியைக் கொன்றவர்கள்

மாயவரத்தில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்து, முதல் பந்தியும் எழுந்துவிட்டது. வெற்றிலைத் தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். பக்கத்து நாற்காலியில் ஓர் அம்மாள் வந்து அமர்ந்தார். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். ஆனாலும் முதுகு வளையாமல், பள்ளிக்கூடத்தில் வகுப்பெடுப்பவரைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, நீங்கதானே அந்தத் தொடர்கதை எழுதினது?" என்று ஆரம்பித்தார்.

நாவலாசிரியனுக்கு இந்தக் கேள்வியைவிட இனிமையான கேள்வி உலகத்தில் கிடையாது. "ஆமாம், அம்மா" என்று அடக்கமாகச் சொன்னேன். அடக்கத்தோடு பாராட்டையும் எதிர்பார்த்தேன்.

"அவளை ஏன் கொன்னீங்க?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. புருஷனை விட்டு விலகி, தன் மனசுக்குப் பிடித்தவனோடு போன ஒரு பெண்ணைப் பற்றிய கதை அது. கடைசி அத்தியாயத்தில் அவளை ஆற்றோடு போக விட்டிருந்தேன். "கதை அப்படிப் போய்விட்டது, அம்மா" என்றேன்.

"கதை எங்கே தம்பி போகும்? நீங்கதானே கூட்டிண்டு போனீங்க?" என்றார் அவர். கோபம் இல்லை, கணக்கில் தப்புப் போட்ட பையனைக் கேட்கிற மாதிரி கேட்டார். பிறகு, "எனக்கு எழுபத்தெட்டு வயசாறது. நானும் இருக்கேனே!" என்று சொல்லிவிட்டு, கை கழுவ எழுந்து போனார்.

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு என்ன பொருள் என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரிக்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றிற்று. ஆனால் ஊர் திரும்பும்போது ரயிலில் தூக்கம் வரவில்லை. நான் ஏன் அவளைக் கொன்றேன்? யோசித்துப் பார்த்தபோது, அந்த முடிவு எனக்குச் சொந்தமானதே அல்ல என்பது புரிந்தது. சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டின் பெரிய நாவலாசிரியர்கள் எழுதி வைத்துவிட்டுப் போன முடிவு அது. வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்து அந்தப் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். கண்டதைச் சொல்லுகிறேன்.

*

பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறந்தபோது, ஐரோப்பாவில் காதல் என்பது ஒரு மனு. அதை எழுதிக் கொடுத்த வக்கீல் நாவல். சொத்துள்ள குடும்பங்களில் கல்யாணம் என்பது நிலத்தையும் பணத்தையும் பட்டத்தையும் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாற்றுகிற ஏற்பாடு. 'பெண்ணுக்கும் ஒரு மனசு இருக்கிறது. அதையும் கொஞ்சம் கேளுங்கள்' என்று வாதாட வந்தது நாவல்தான்.

ஜேன் ஆஸ்டினை எடுத்துக் கொள்ளுங்கள். 1813-ல் வெளியான 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் ஐந்து பெண்கள். ஆண் வாரிசு இல்லாததால் தகப்பனாரின் சொத்து தூரத்து உறவினரான காலின்ஸ் என்ற பாதிரிக்குப் போக வேண்டும். அந்தக் காலின்ஸே எலிஸபெத்தைப் பெண் கேட்கிறார். அவள் மறுக்கிறாள். மறுத்த சில தினங்களுக்குள், அவளுடைய சிநேகிதி சார்லட் அதே மனிதரை ஏற்றுக் கொள்கிறாள். சார்லட்டுக்கு வயது இருபத்தேழு. அழகு கிடையாது, பணமும் கிடையாது. அவளுக்கு வேண்டியது ஒரு வீடு. ஆஸ்டின் அவளைக் கேலி செய்யாமல் இரண்டு பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டுகிறார், அவ்வளவுதான். மறுத்தவளுக்குப் பெரிய மாளிகையும் மனசுக்குப் பிடித்த புருஷனும் கிடைத்தது கதை. ஏற்றுக் கொண்டவளுக்குக் கிடைத்தது அந்தக் காலத்து வாழ்க்கை.

ஆஸ்டினுடைய சொந்த வாழ்க்கையில் மாளிகை கிடைக்கவில்லை. 1802-ம் வருஷம் டிசம்பரில், வசதியுள்ள குடும்பத்து இளைஞர் ஒருவர் அவரைக் கேட்டார். சரி என்று சொன்னார். ஓர் இரவு கழிந்தது. மறுநாள் காலையில், முடியாது என்று சொல்லிவிட்டு வண்டியேறினார். அதன் பிறகு கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1817-ல், நாற்பத்தொரு வயதில் காலமானார். அந்த ஓர் இரவில் அவர் என்ன யோசித்திருப்பார் என்பதை அவருடைய நாவல்கள் எல்லாமே சொல்லுகின்றன என்று எனக்குத் தோன்றும்.

இந்தக் கதைகளுக்கெல்லாம் ஒரு பொதுவான வழக்கம் உண்டு: கல்யாணத்தோடு கதை முடிந்துவிடும். மாதா கோயில் வாசலில் மணியடிக்கும். ஆசிரியர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். 1847-ல் சார்லட் பிரான்ட்டி எழுதிய 'ஜேன் அயர்' இன்னும் துணிச்சலானதுதான். ஏழை ஆசிரியை ஒருத்தி தன் எஜமானனிடம் சமமாக நின்று பேசுகிறாள். ஆனால் அங்கேயும், அவன் பூட்டி வைத்திருந்த முதல் மனைவி தீயில் மாண்ட பிறகுதான் கல்யாணம் நடக்கிறது. சட்டத்தை மீறாமல் காதல் ஜெயிக்க வேண்டுமானால் யாராவது ஒருத்தி சாக வேண்டியிருந்தது. அந்தத் தடவை செத்தவள் கதாநாயகி அல்ல. அவளுடைய முறை பின்னால் வந்தது.

ஒரு தலைமுறை முழுவதும் பெண்கள் இந்தக் கதைகளைப் படித்தார்கள். காதல்தான் வாழ்க்கை என்று நம்பிக் கல்யாணம் செய்துகொண்டார்கள். மணியடித்து முடிந்த மறுநாள் காலையில் என்ன ஆயிற்று? இந்தக் கேள்வியைக் கேட்கப் பிரான்ஸில் ஒருவர் பிறந்திருந்தார்.

*

குஸ்தாவ் ப்ளாபேரின் 'மேடம் பவாரி' 1856-ம் வருஷம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் ஒரு பாரிஸ் பத்திரிகையில் தொடர்கதையாக வந்தது. பத்திரிகாசிரியர்கள் பயந்து போய்ச் சில பகுதிகளை வெட்டினார்கள். அப்படியும் தப்பவில்லை. மதத்துக்கும் ஒழுக்கத்துக்கும் விரோதமான எழுத்து என்று சர்க்கார் வழக்குப் போட்டது. 1857 ஜனவரியில் விசாரணை, பிப்ரவரியில் தீர்ப்பு. விடுதலை ஆயிற்று. ஆனால், 'இனிமேல் ஜாக்கிரதை' என்ற தோரணையில் ஒரு கண்டனத்தையும் சேர்த்தே கொடுத்தார்கள். தமக்காக வாதாடிய செனார் என்ற வக்கீலுக்குப் ப்ளாபேர் புத்தகத்தையே சமர்ப்பணம் செய்தார். சர்க்கார் தரப்பில் வாதாடிய பினார், அதே வருஷம் ஆகஸ்டில் பொதலேர் என்ற கவிஞரின் கவிதைத் தொகுதியின் மேலும் வழக்காடினார். அது வேறு கதை.

எம்மா ஒரு குடியானவரின் மகள். கன்னிமாடத்தில் படித்தவள். அங்கே துணி தைத்துக் கொடுக்க மாதம் ஒரு தடவை வருகிற கிழட்டுக் கன்னி ஒருத்தி, தன் பையில் நாவல்களை மறைத்துக் கொண்டு வந்து பெரிய பெண்களுக்குக் கொடுப்பாள். எம்மாவுக்கு அதுதான் காதல் பாடம். நிலவொளி, குதிரை மேல் வரும் வீரன், கண்ணீர், சத்தியம், முத்தம். பிறகு அவளுக்குப் புருஷனாக வந்தவன் சார்லஸ் என்ற கிராமத்து வைத்தியன். நல்லவன், மந்தமானவன், சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறவன். எம்மா முதலில் ரொடால்ஃப் என்ற பண்ணைக்காரனையும், பிறகு லேயோன் என்ற குமாஸ்தாவையும் நாடுகிறாள். முடிவில், மருந்துக் கடைக்காரனின் அறையிலிருந்து ஆர்ஸனிக்கை அள்ளித் தின்று சாகிறாள்.

கெட்டுப்போன பெண்ணுக்கு ஆண்டவன் கொடுத்த தண்டனை என்று அந்தக் காலத்தில் பலர் சொன்னார்கள். விசாரணையிலே வக்கீலுடைய வாதமும் ஏறக்குறைய அதுதான்: 'தப்புச் செய்தவள் எப்படிச் சாகிறாள், பாருங்கள், இதைவிட நல்ல நீதி போதனை உண்டா?' என்றார். நானும் கல்லூரி நாட்களில் அப்படித்தான் படித்தேன். இந்தத் தடவை பென்சிலை வைத்துக்கொண்டு, கடைசிப் பக்கங்களை மட்டும் நிதானமாகப் படித்தேன்.

எம்மாவைக் கொன்றது காதல் அல்ல, கடன். லெரூ என்ற ஜவுளிக்காரன் பட்டுத் துணியையும் திரைச்சீலையையும் கடனுக்குக் கொடுத்துக் கொண்டே வருகிறான். நோட்டுக்கு மேல் நோட்டாக எழுதி வாங்கிக் கொள்கிறான். ஒரு நாள் கோர்ட்டிலிருந்து காகிதம் வருகிறது: எட்டாயிரம் பிராங்கு, இருபத்து நாலு மணி நேரத்துக்குள். அவள் ஊரெல்லாம் ஓடுகிறாள். ஒரு வக்கீல் பணம் தருவதாகச் சொல்லிக் கையைப் பிடிக்கிறார், உதறிவிட்டு வருகிறாள். கடைசியில் ரொடால்ஃபிடம் போய் மூவாயிரம் பிராங்கு கேட்கிறாள். உயிரையே தருவேன் என்றெல்லாம் ஒரு காலத்தில் பேசியவன், 'என்னிடம் இல்லையே, அம்மணி' என்று சொல்லிவிடுகிறான். அங்கிருந்து நேரே மருந்துக் கடைக்குத்தான் போகிறாள். ஒழுக்கக்கேட்டுக்கு யாரும் அவளைத் தண்டிக்கவில்லை. சார்லஸுக்கு விஷயமே தெரியாது. வசூலுக்கு வந்த கடன்தான் அவளை முடித்தது. அவளுக்குப் பிறகு சார்லஸும் மனமுடைந்து சாகிறான். அவர்களுடைய சின்னப் பெண் பஞ்சாலைக்குக் கூலி வேலைக்குப் போகிறாள். மருந்துக் கடைக்காரனுக்கு மட்டும் சர்க்கார் பதக்கம் கிடைக்கிறது. அதோடு புத்தகம் முடிகிறது.

அவள் புருஷனை விட்டு நேர்மையாக விலகியிருக்கக் கூடாதா என்று கேட்கலாம். வழி இருந்தால்தானே? பிரான்ஸில் விவாகரத்தை 1816-ல் எடுத்துவிட்டார்கள். 1884-ல்தான் திரும்பக் கொடுத்தார்கள். நடுவில் அறுபத்தெட்டு வருஷம். எம்மாவின் வாழ்வு முழுவதும் அந்த அறுபத்தெட்டுக்குள் அடங்கிவிட்டது. அன்றையத் தண்டனைச் சட்டத்தில், தப்பிப் போன மனைவிக்கு மூன்று மாதம் முதல் இரண்டு வருஷம் வரையில் சிறை. புருஷனுக்கோ, வைப்பாட்டியைத் தன் சொந்த வீட்டிலேயே கொண்டு வந்து வைத்துக்கொண்டால்தான் குற்றம்; அதற்கும் அபராதம் மட்டுமே.

*

டால்ஸ்டாயிடம் வரும்போது, இந்த இரட்டைத் தராசைக் கதையின் முதல் அத்தியாயத்திலேயே தொங்கவிட்டிருக்கிறார்.

'அன்னா கரேனினா' எப்படி ஆரம்பிக்கிறது? அன்னாவின் அண்ணன் ஸ்டீவா, வீட்டிலே குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துவந்த பிரெஞ்சுக்காரியோடு உறவு வைத்திருந்தது மனைவிக்குத் தெரிந்துவிடுகிறது. வீடே அலங்கோலமாகக் கிடக்கிறது. அதைச் சமாதானம் செய்து வைக்க ரயிலேறி வருகிறவள் தங்கை அன்னா. 'மன்னித்துவிடு' என்று மன்னிக்கு நல்ல வார்த்தை சொல்லிச் சேர்த்து வைக்கிறாள். அண்ணன் கதை முழுவதும் சிரித்துக் கொண்டே, நல்ல சாப்பாடு சாப்பிட்டுக் கொண்டே, மேலே மேலே உத்தியோகம் தேடிக்கொண்டே போகிறான். யாரும் அவனுக்குக் கதவைச் சாத்தவில்லை. தங்கை அதே குற்றத்தைச் செய்கிறாள். ஊரிலுள்ள எல்லாக் கதவுகளும் சாத்திக் கொள்கின்றன. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே குற்றம், இரண்டு தீர்ப்பு. டால்ஸ்டாய் இதைப் பற்றி ஒரு வார்த்தை பிரசங்கம் செய்யவில்லை.

அன்னா தன் பையனை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கிறது. பிறந்த நாளன்று திருடியைப் போல விடியற்காலையில் புருஷன் வீட்டுக்குள் நுழைந்து, படுக்கையில் இருக்கும் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். வாங்கிக் கொண்டு போன பொம்மைகளைக் கொடுக்கவும் நேரமில்லாமல் திரும்பிவிடுகிறாள். விரோன்ஸ்கிக்கும் அவளுக்கும் பிறந்த பெண் குழந்தை சட்டப்படி கரேனினின் குழந்தை. இதைச் சொல்லி விரோன்ஸ்கியே ஓரிடத்தில் வருந்துகிறான். விவாகரத்தின் கதை இன்னும் விசித்திரம். கரேனின் மனமிளகிக் கொடுக்க முன்வந்த சமயத்தில் அவள் வாங்கிக்கொள்ளவில்லை. அவள் கேட்ட சமயத்தில் அவன் கொடுக்கவில்லை. அன்றைய ருஷ்யாவில் அது மாதா கோயிலின் அதிகாரத்தில் இருந்தது. சாட்சி வேண்டும், யாராவது ஒருவர் குற்றவாளி என்று ஒப்புக்கொள்ள வேண்டும், குற்றவாளியானவர் மறுபடி கல்யாணம் செய்துகொள்ள முடியாது. கரேனின் யோசனை கேட்கப் போன வக்கீல், பேச்சின் நடுவே அறையில் பறக்கும் அந்துப்பூச்சிகளைப் பிடித்துக் கொண்டிருக்கிறார். சட்டத்தைப் பற்றி டால்ஸ்டாயின் அபிப்பிராயம் அந்த அந்துப்பூச்சியில் இருக்கிறது.

இந்தக் கதைக்கு விதையான சம்பவத்தை எல்லாரும் அறிவார்கள். 1872 ஜனவரியில், டால்ஸ்டாயின் பண்ணைக்கு அருகிலிருந்த ரயில் நிலையத்தில், அன்னா என்ற பெயருடைய ஒரு பெண் சரக்கு வண்டியின் கீழே விழுந்து இறந்தாள். அண்டைப் பண்ணைக்காரரோடு வாழ்ந்துவந்து கைவிடப்பட்டவள். டால்ஸ்டாய் போய் அந்த உடலைப் பார்த்தார். அடுத்த வருஷம் எழுத ஆரம்பித்தார். முதல் வரைவுகளில் கதாநாயகி நயமற்ற, மனசில் ஒட்டாத பெண்ணாகத்தான் இருந்தாளாம். திருத்தித் திருத்தி எழுத எழுத அவள் அழகானாள், நல்லவளானாள். குற்றவாளியை விசாரிக்க உட்கார்ந்த நீதிபதிக்கு, விசாரணை நடக்க நடக்க அவள் மேல் வாஞ்சை வந்துவிட்டது. ஆனாலும் தீர்ப்பை மாற்றவில்லை. 1875 முதல் 1877 வரையில் பத்திரிகையில் வந்த நாவலின் முடிவில் அந்தச் சரக்கு வண்டி வந்தே தீர்ந்தது. புத்தகத்தின் முகப்பிலே, தண்டிக்கிற உரிமை கடவுளுக்கே உண்டு என்று பொருள்படும் பைபிள் வாசகத்தை எழுதி வைத்தவர் அவர். அந்த உரிமையைத் தாமும் கொஞ்சம் எடுத்துக் கொண்டார் என்றுதான் எனக்குப் படுகிறது.

1910-ல், எண்பத்திரண்டு வயதில், டால்ஸ்டாயும் ஒரு நாள் அதிகாலையில் மனைவிக்குத் தெரியாமல் வீட்டை விட்டுப் புறப்பட்டார். அஸ்தாபவோ என்ற ரயில் நிலையத்தில் உயிர் பிரிந்தது. வீட்டை விட்டுப் போன கிழவரை உலகம் ரிஷி என்று கொண்டாடிற்று.

*

ப்ளாபேரும் டால்ஸ்டாயும் ஒரு விதத்தில் தப்பித்துக் கொள்ளலாம். 'நடந்ததைத்தானே எழுதினோம்' என்பார்கள். எம்மாவுக்கு மாதிரியாக இருந்தவள் என்று சொல்லப்படுகிற, நார்மண்டி கிராமத்து வைத்தியரின் மனைவி 1848-ல் இளவயதிலேயே இறந்துபோனவள்தான். ரயிலில் விழுந்த அன்னாவும் உண்மை. ஆனால் மூன்றாவது ஆசிரியருக்கு இந்தச் சாக்குக் கிடையாது.

தியோடர் ஃபோன்டானே என்ற ஜெர்மன் ஆசிரியர், எழுபத்தைந்து வயதில், 'எஃபி பிரீஸ்ட்' என்ற நாவலை எழுதி 1895-ல் புத்தகமாக வெளியிட்டார். எஃபிக்குப் பதினேழு வயதில் கல்யாணம். மாப்பிள்ளை இன்ஸ்டெட்டனுக்கு வயது முப்பத்தெட்டு. ஒரு காலத்தில் அவளுடைய தாயாரையே விரும்பியவர். பால்டிக் கடலோரத்தில் ஒரு சின்ன ஊர், பெரிய வீடு, பேய்க் கதை, தனிமை. கிராம்பாஸ் என்ற மேஜரோடு பழக்கம் ஏற்படுகிறது. பிறகு பெர்லினுக்கு மாற்றல். பழக்கமும் அறுந்துபோகிறது. எஃபி நிம்மதியாக மூச்சு விடுகிறாள்.

ஆறு வருஷத்துக்கு மேல் கழிகிறது. எஃபி வெளியூரில் இருக்கும்போது, குழந்தை படியில் விழுந்து நெற்றியில் அடிபட்டுக் கொள்கிறது. கட்டுப் போடத் துணி தேடி வேலைக்காரிகள் எஃபியின் தையல் மேஜையை உடைத்துத் திறக்கிறார்கள். உள்ளே, சிவப்பு நூலால் கட்டிய பழைய கடிதங்கள். புருஷன் பார்த்துவிடுகிறான்.

பிறகு வருகிற உரையாடல் உலக இலக்கியத்திலேயே பயங்கரமானது என்பேன். இன்ஸ்டெட்டன் தன் நண்பரை அழைத்துப் பேசுகிறான். கோபம் இருக்கிறதா? இல்லை. வெறுப்பு? இல்லை, மனைவி மேல் இன்னும் அன்புதான். அப்படியானால் விட்டுவிடக் கூடாதா? முடியாது. ஏன்? 'உங்களிடம் சொல்லிவிட்டேனே, இப்போது ஒரு சாட்சி இருக்கிறதே' என்கிறான். மறுநாளே ரயிலேறிப் போய்க் கிராம்பாஸைத் துப்பாக்கிச் சண்டையில் சுட்டுக் கொல்கிறான். எஃபியைத் தள்ளி வைக்கிறான். குழந்தை அவன் வசம். மூன்று வருஷம் கழித்து அந்தக் குழந்தை தாயைப் பார்க்க வரும்போது, என்ன கேட்டாலும் சொல்லிக் கொடுத்த ஒரே மரியாதை வாக்கியத்தைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறது. எஃபி அந்த அடியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. பெற்றோர் வீட்டில், முப்பதை ஒட்டிய வயதில், தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு இறந்துபோகிறாள். தோட்டத்தில் அவள் கல்லறை மேல் வீட்டு நாய் படுத்திருக்கிறது.

இதற்கும் ஓர் உண்மைச் சம்பவம் உண்டு. எலிஸபெத் என்ற பிரபு குலப் பெண், 1853-ல் பிறந்தவர், ஆர்டென்னே என்ற ராணுவ அதிகாரியை 1873-ல் மணந்தவர். ஹார்ட்விஷ் என்ற நீதிபதியோடு கடிதப் போக்குவரத்து, கடிதங்கள் புருஷன் கையில் கிடைத்தன, 1886 நவம்பரில் துப்பாக்கிச் சண்டை, நீதிபதி இறந்தார். அடுத்த வருஷம் விவாகரத்து. குழந்தைகள் தகப்பனிடம். இதுவரையில் நாவலும் வாழ்க்கையும் ஒன்று.

இதற்குப் பிறகுதான் விஷயம் இருக்கிறது. எலிஸபெத் சாகவில்லை. நோயாளிகளைக் கவனிக்கும் தாதி வேலைக்குப் போனார். பல வருஷங்களுக்குப் பின் குழந்தைகளும் அவரைத் தேடி வந்தார்கள். பேரன் மான்ஃப்ரெட் பெரிய விஞ்ஞானியானான். அந்த அம்மாள் இரண்டு உலக யுத்தங்களையும் பார்த்தார். 'எஃபி பிரீஸ்ட்' வெளியாகி ஐம்பத்தேழு வருஷம் கழித்து, 1952 பிப்ரவரியில், தொண்ணூற்றெட்டாவது வயதில் காலமானார்.

தொண்ணூற்றெட்டு! இந்த எண்ணை நான் கொஞ்ச நேரம் பார்த்துக் கொண்டிருந்தேன். அவள் கல்லறை மேல் நாய் படுத்திருப்பதாக உலகமெல்லாம் கண்ணீர் விட்ட அத்தனை வருஷங்களும், அவர் எங்கேயோ ஓர் ஆஸ்பத்திரியில் யாருக்கோ தலையணையைச் சரி செய்துகொண்டிருந்தார்.

*

ஆண்கள் எழுதியதால்தான் இப்படி என்று சொல்லிவிட்டால் சுலபமாக இருக்கும். ஜார்ஜ் எலியட் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

அது ஆண் பெயர். உள்ளே இருந்தவர் மேரி ஆன் எவன்ஸ். 1854 முதல் லூயிஸ் என்ற எழுத்தாளரோடு கல்யாணமில்லாமல் வாழ்ந்தார். லூயிஸுக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. அந்த மனைவிக்கு வேறொருவரிடம் பிறந்த குழந்தையைத் தம்முடையதென்று அவர் பதிவு செய்திருந்தார். மனைவியின் குற்றத்தை அப்படி ஒரு முறை பொறுத்துக்கொண்டவருக்கு அப்புறம் அதே காரணத்தைக் காட்டி விவாகரத்துக் கேட்க வழியில்லை. 1857-ல் இங்கிலாந்தில் புதுச் சட்டம் வந்தபோதும், மனைவி தவறினால் புருஷனுக்கு அது ஒன்றே போதும். புருஷன் தவறினால் அதோடு கொடுமை, கைவிடுதல் என்று ஏதாவது சேர்த்து மனைவி நிரூபிக்க வேண்டும் என்று வைத்தார்கள்.

1857-ல்தான் மேரி ஆன் தம் அண்ணனுக்கு விஷயத்தை எழுதினார். அண்ணன் உறவை வெட்டிவிட்டார். இருபத்து மூன்று வருஷம் ஒரு வரி எழுதவில்லை. லூயிஸ் இறந்த பிறகு, 1880-ல் அவர் வேறொருவரைச் சட்டப்படி மணந்ததும், அண்ணனிடமிருந்து வாழ்த்துக் கடிதம் வந்தது. அந்த வருஷம் டிசம்பரில் அவர் காலமானார்.

இந்தப் பெண் 1860-ல் 'தி மில் ஆன் தி ஃப்ளாஸ்' எழுதினார். அதில் மாகி என்ற தங்கை; டாம் என்ற அண்ணன். ஊர் வாயில் விழுந்த தங்கையை அண்ணன் வீட்டை விட்டுத் துரத்துகிறான். முடிவில் ஆற்றில் வெள்ளம் வருகிறது. மாகி படகில் போய் அண்ணனை மீட்கிறாள். இருவரும் கட்டிக்கொண்டபடியே மூழ்கிப் போகிறார்கள். உயிரோடு இருந்த அண்ணன் கடிதம் போடவில்லை. கதையில் வெள்ளத்தை வரவழைத்துத்தான் அவனை அணைக்க முடிந்தது! காதலித்து, ஊரை எதிர்த்து, எழுதிச் சம்பாதித்துத் தலை நிமிர்ந்து வாழ்ந்த ஒருத்தி, தன் கதாநாயகிக்கு அந்த வாழ்க்கையைக் கொடுக்கத் துணியவில்லை. நானும் என் கதாநாயகியை ஆற்றில்தான் விட்டேன் என்பது இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு நினைவுக்கு வந்தது.

வாசகர்களும் இதற்கு உடந்தைதான். 1879-ல் இப்ஸன் எழுதிய நாடகத்தில் நோரா சாகாமல், கதவைச் சாத்திக் கொண்டு வெளியே போகிறாள். ஜெர்மனியில் அந்த வேஷம் போட வேண்டிய நடிகை, 'நான் என் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகமாட்டேன்' என்று மறுத்துவிட்டாள். வேறு யாராவது மாற்றிக் கெடுப்பதைவிடத் தாமே மாற்றுவது மேல் என்று இப்ஸனே வேறொரு முடிவு எழுதிக் கொடுத்தார். அதில் நோரா போகவில்லை. அவள் செத்திருந்தால் யாரும் ஆட்சேபித்திருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். செத்தவளுக்காக அழுவதற்குச் சபை எப்போதும் தயார். நடந்து வெளியே போகிறவளுக்குத்தான் வழி விட மனம் வருவதில்லை.

*

தமிழில் அதே 1879-ல்தான் முதல் நாவல் அச்சாயிற்று. எழுதிய வேதநாயகம் பிள்ளை இதே மாயவரத்தில் முன்சீபாக இருந்தவர். அவருடைய ஞானாம்பாள் புருஷனைப் பிரிந்து, ஆண் வேஷம் போட்டு, ஒரு நாட்டுக்கு ராஜாவாகவே இருந்து நீதி செலுத்தி, மீண்டும் புருஷனோடு சேர்கிறாள். புருஷனை விட்டுப் போனவள் கதை அல்ல அது. பழைய கதைகளின் வாடையும் உண்டு. ஆனால் தனியே நின்ற ஒரு பெண் பிழைத்து வாழ்ந்ததாக எழுத அவருக்குக் கூச்சமில்லை. நாங்கள் பின்னால் வந்தவர்கள், மேல்நாட்டு நாவல்களைப் படித்து நாசூக்குக் கற்றுக் கொண்டோம். முடிவில் சோகம் இருந்தால்தான் இலக்கியம் என்றும் கற்றுக் கொண்டோம்.

ப்ளாபேரையோ டால்ஸ்டாயையோ நான் குறை சொல்ல வரவில்லை. அந்தத் தகுதி எனக்கு இல்லை. தங்கள் காலத்தில் இருந்த கதவுகளை எல்லாம் தட்டிப் பார்த்து, ஒவ்வொன்றும் பூட்டியிருப்பதை நமக்குக் காட்டினார்கள். சட்டம், பணம், குழந்தை என்று மூன்று பூட்டு. எம்மாவின் சாவும் அன்னாவின் சாவும் அந்தப் பூட்டுகளின் மேல் விழுந்த அடி. அந்த அடியின் ஓசையில் சிலராவது விழித்துக் கொண்டார்கள்.

ஆனால் என் கதை நடப்பது வேறு காலத்தில். என் கதாநாயகிக்கு உத்தியோகம் கொடுத்திருந்தேன். 1955-ம் வருஷத்து ஹிந்து விவாகச் சட்டம் அவளுக்குக் கோர்ட்டின் கதவைத் திறந்து வைத்திருந்தது. ஊர் பேசும், தாயார் அழுவாள், மாதக் கடைசியில் கை கடிக்கும். இருந்தாலும் அவள் மறுநாள் காலையில் எழுந்து பால் காய்ச்சி, பஸ் பிடித்து வேலைக்குப் போயிருக்கலாம். அந்த மறுநாள் காலையை எழுத எனக்குத் தெரியவில்லை. ஆறு எழுத வசதியாக இருந்தது. ஒரு வாரத்துக்குள் முடிக்கும்படி பத்திரிகையில் சொல்லியிருந்தார்கள் என்பதையும் மறைப்பானேன்! ஃபோன்டானேக்கும் இதுதான் நேர்ந்திருக்குமோ என்னவோ. முப்பது வயதில் செத்துப்போகிறவளுக்கு ஓர் அத்தியாயம் போதும். தொண்ணூற்றெட்டு வயது வரை இருக்கப் போகிறவளை எங்கே கொண்டு நிறுத்துவது?

அந்தக் கதையைப் புத்தகமாகப் போடக் கேட்டிருக்கிறார்கள். கடைசி அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். புதிதாக இரண்டு தடவை எழுதிப் பார்த்தாயிற்று. இன்னும் சரியாக வரவில்லை. பால் பொங்குகிறது, அவள் அடுப்பை அணைக்கிறாள், அதற்கு மேல் என்ன செய்கிறாள் என்று எனக்குப் புலப்படவில்லை.

மாயவரத்து அம்மாளுக்குத் தெரியும். அன்றைக்கே விலாசம் கேட்டு வைத்துக்கொள்ளாமல் போனேன்.